பூட்டாத திரை

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டரைப் பூட்டாமல் யார் எழுந்து போனாலும், பக்கத்து சீட்டுக்காரர் அதிலிருந்தே "நாளைக்கு எல்லோருக்கும் பிரியாணி, என் செலவு" என்று மெயில் தட்டிவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் பூட்ட மறக்கமாட்டார்கள், பாருங்கள்.

ஜெசிந்தா டீ வாங்கப் போனதும், வடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் ஏற்கெனவே ஒரு மெயில் காத்திருந்தது. போட்டிக் கம்பெனியின் முகவரிக்கு. கூடவே நாலாயிரம் வாடிக்கையாளர்களின் விலாசமும் வங்கி எண்ணும். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.  வடிவின் பிரசவத்தின்போது ராப்பகலாகக் கூட இருந்தவள் இந்த ஜெசிந்தா.

"எந்திரிடி. உனக்குச் சர்க்கரை கம்மியாப் போடச் சொன்னேன்." டீயோடு வந்து நின்றாள் ஜெசிந்தா.

வடிவு எழவில்லை. "அழிச்சிரு ஜெசி. நான் எதையும் பாக்கல."

ஜெசிந்தா டம்ளர்களை மெதுவாக மேசையில் வைத்தாள். "அங்க வேலை தரேன்னுருக்காங்க. அடுத்த மாசம் இங்கருந்து தூக்கப்போறது என்னைத்தான்டி, உன்னையில்ல."

அவள் விரல் வடிவின் தோளைத் தாண்டி, அனுப்பும் பட்டனை நோக்கி இறங்கியது. வடிவு அதை எட்டிப் பிடித்தாள். குழந்தையின் விரலைப் பிடிப்பதுபோல்தான் பிடித்தாள், ஆனால் விடவில்லை. ஜெசிந்தாவும் உருவிக்கொள்ளவில்லை.