சுற்றாத பிலிம்

அந்தக் கறுப்புப் பெட்டிக் கமெராவை வாசற்படியில் அடித்து நொறுக்க றொசானி கையை ஓங்கிவிட்டாள். டினேஷ் பாய்ந்து வந்து மனைவியின் கையைப் பிடித்தான்.

“விடுங்க! பூசைக்கும் வராம, பழைய கமெராவில படம் எடுக்கப் போறனெண்டு போய் இந்த வேலையா பாத்தீங்க?”

கொழும்பில் கழுவி, கூரியரில் வந்த படங்கள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. அவள் கையில் கசங்கியிருந்த படத்தில் கல்லடிப் பாலம். அதற்கு முன்னால் டினேஷ். அவன் தோளோடு தோள் உரச, சிரித்தபடி ஒரு பெண்.

“ஆர் இவள்?”

“எனக்கெப்பிடித் தெரியும்?”

“தெரியாதவளோ தோள்ல சாஞ்சு நிக்கிறாள்? இது எங்கட அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. உடுப்பை அள்ளிக்கொண்டு இப்பவே வெளிய போங்க!”

இந்த வீட்டை விட்டால் டினேஷுக்குப் போக்கிடம் இல்லை. தெருவில் போனவர்கள் வேறு நின்று வேடிக்கை பார்த்தார்கள். செய்யாத குற்றத்துக்கு இப்படி மானத்தை வாங்கினால் எந்த மனிதனுக்குத்தான் கொதிக்காது?

“வாயை மூடு! இந்தக் கமெராவைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?” அவனும் கத்தினான். “இது போன் இல்ல. ஒரு படம் எடுத்தா, பிலிமைக் கையால சுத்தவேணும். மறந்துபோய்த் திரும்பப் பட்டனை அமத்தினா, ரெண்டு படமும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழும். கழுவி வாற வரைக்கும் தெரியவும் மாட்டாது.”

“என்ன கதை விடுறீங்க?”

“கதையா? பாலத்தடியில அந்தப் பொம்பிள ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னா, எடுத்தன். அவ போன பிறகு, அதே இடத்தில என்ர கூட்டாளி றம்ஸீன் என்னை எடுத்தான். இடையில பிலிமைச் சுத்தல்ல. அவ்வளவுதான்!”

றொசானி ஓங்கிய கையை இறக்கவில்லை. டினேஷ் தரையில் குனிந்து துழாவி, இன்னொரு படத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“இந்தா பார்! இதுவும் சுத்த மறந்ததுதான். பாலமீன்மடுவில எத்தின லைட்ஹவுஸ் கிடக்கு?”

“ஒண்டு.”

“இதில?”

இரண்டு. கொஞ்சம் விலகி, ஒன்றின் மேல் ஒன்றாக மங்கலாய் விழுந்திருந்தன.

“கையில பிடிச்சு எடுக்கிற கமெரா. துளி அசைஞ்சாலும் இப்பிடித்தான் வரும்.”

றொசானியின் கை தாழ்ந்தது. கமெராவை மெதுவாக மேசையில் வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

“தெரியாமக் கத்திட்டன். கோவிக்காதீங்க.”

டினேஷ் விடுவானா? இப்போது அவன் முறை. “மாப்பிள்ளையா வந்தவன்தானே, நாய் மாதிரித் துரத்தலாமெண்டு நினைப்பு! ஊரே பாக்க என்ன பேச்சுப் பேசினாய்?”

“பிழைதான். இரிங்க, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்.”

போகுமுன் சிதறிய படங்களைப் பொறுக்கினாள். தான் கசக்கிய படத்தை மேசையில் வைத்துத் தடவி நிமிர்த்தியவள், அப்படியே நின்றாள்.

“அப்ப, இதில ஏன் ஒரு பாலந்தான் கிடக்கு?”