முன்னால் போனவர்

இந்தக் காலத்தில் எவனும் உட்கார வேண்டிய இடத்தில் உட்காருவதில்லை. பைக் பந்தயத் தடத்தில் டயர் மாற்றுகிறவன் நான், தினமும் பார்க்கிறேன். வளைவு வந்தால் பாதி இடுப்பை சீட்டுக்கு வெளியே தொங்கவிட்டு, முட்டியால் தரையை உரசிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் சீட் எதற்கு?

என் மகளுக்கு மட்டும் அது வரவில்லை. மூன்றாம் வளைவில் விழுந்ததிலிருந்து விறைத்துக்கொண்டே ஓட்டினாள். இன்றும் அப்படியென்றால் வண்டி வேறு ஆளுக்கு என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

காலையில் தனியாகத்தான் இறங்கினாள். அதே வளைவில், தோள் தரையைத் தொடுமளவு சாய்ந்து, தண்ணீர் வழிவதுபோலத் திரும்பினாள். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். பயிற்சியாளர் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "வண்டி உனக்குத்தான்" என்றார்.

"எப்படிம்மா?" என்றேன்.

"முன்னாடி ஒருத்தர் போனாருப்பா. அவர் சாஞ்ச மாதிரியே சாஞ்சேன்."

"கண்ணு கிண்ணு கெட்டுப்போச்சா? உன்னத் தவிர அங்க ஈ காக்கா இல்ல."

"நம்பலைன்னா போய்ப் பாருங்க."

போனேன். தாரின்மேல் முட்டி உரசிய புதுக் கோடுகள் இரண்டு இருந்தன. மகளுடையது ஆறியிருந்தது. அதற்கும் உள்ளே, வளைவின் உட்பக்கம் கிடந்த இன்னொரு கோட்டைத் தொட்டேன், விரல் சுட்டது.

வெயில் சூடு என்று சொல்லிக்கொண்டேன். விடிந்ததிலிருந்து வெயிலே இல்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அப்போதும் நம்பாமல், டயர் கொட்டகைக்கு நடந்தேன்.