நாற்பத்தோராவது வரி

மூன்றாவது தடவையாகவும் அந்த வரி திரும்பி வந்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். தாகமில்லை. பாட்டிலை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

மணி மூன்று பத்து. நான்கு மணிக்கு, எங்கள் நிரல்களைத் தொகுத்துத் தரும் பழைய பில்ட் சர்வரை ஒரேயடியாக அணைக்கிறார்கள். அதிலிருந்த நாற்பத்தோரு வரிகளையும் அதற்குள் புதியதில் எழுதியாக வேண்டும். நாற்பது முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு தேதி.

அந்தத் தேதி மாறாமல் புதியதற்குள் போய்விட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது தண்ணீர் மீட்டர். அதற்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்கிற மென்பொருள் எங்களுடையதுதான், நடுவழியில் எவனும் கை வைக்கவில்லை என்று சொல்ல ஒவ்வொரு மீட்டரோடும் ஒரு சான்றிதழ் போகும். அந்தச் சான்றிதழைத் தயாரிக்கும் கருவி, ஒன்பது வருடத்துக்கு முன் நான் எழுதியது.

அதை எத்தனை முறை பில்ட் செய்தாலும் ஒரு புள்ளி மாறாமல் வர வேண்டும். அதனால் அது நாள்காட்டியைப் பார்க்கக் கூடாது. ஒரு பழைய தேதியை நாமே எழுதி, இன்றைக்கு இதுதான் என்று நம்பவைக்க வேண்டும். நன்றாகவே பழையதாக இருக்க வேண்டும். பேட்டரி கழன்ற மீட்டருக்கு நினைவு தப்பிவிடும். பல வருடம் பின்னால் போய் நின்றுகொண்டு, இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே என்று முரண்டு பிடிக்கும்.

நான் எழுதியது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜூலை பதினேழு. பழைய சர்வர் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஏழு லட்சம் மீட்டர்கள் அந்தத் தேதியோடு வீடு வீடாகப் போய் உட்கார்ந்திருக்கின்றன.

புதியது அப்படியில்லை. வீடு வாடகைக்கு விடுகிறவரைப் போலக் குடைகிறது. வெறும் எண்ணை உள்ளே விடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் காரணம் வேண்டும்.

அது போதாதென்று, சரிபார்க்கும் இடத்தில் பூதக்கண்ணாடி. குழுவில் அவருக்கு அதுதான் பெயர். காற்புள்ளி பிசகினாலும் திருப்பி அனுப்புவார். நல்ல மனிதர்தான், கம்ப்யூட்டரை மூடிவிட்டால்.

முதலில் 'பழைய தேதி' என்று பெயர் வைத்தேன். எல்லாத் தேதியும் பழையதாகத்தான் போகிறது என்று எழுதித் திருப்பினார். 'நிலையான தேதி' என்றேன். நிலையானது என்று தெரிகிறது, என்ன தேதி என்றார். 'தொடக்கத் தேதி' என்றேன். எதன் தொடக்கம், அன்றைக்கு இந்தக் கம்பெனியே கிடையாதே என்றார்.

நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

ஜன்னல் வரை நடந்தேன். வெளியே ஒன்றுமில்லை, திரும்பினேன். முகம் கழுவப் போய், கழுவாமலே வந்தேன்.

பூதக்கண்ணாடியே எழுந்து என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"ஏன் மேடம் இவ்வளவு கஷ்டப்படுறீங்க? அதே வருஷத்துல ஜனவரி ஒண்ணுன்னு போட்டுட்டுப் போங்க. யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

சரி என்றேன். அவர் போனதும் போட்டும் பார்த்தேன். ஜனவரி ஒன்று. நாலு நிமிடத்தில் எல்லாச் சோதனையும் பச்சை. மாதிரிச் சான்றிதழ் ஒரு குறையில்லாமல் திரையில் வந்து நின்றது. எந்த மீட்டருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான்தான் அனுப்பும் பொத்தானை அழுத்தவில்லை.

அழித்தேன். ஜூலை பதினேழு.

மூன்று நாற்பத்தேழு. உட்கார முடியவில்லை. நின்றபடியே குனிந்து, பெயர்க் கட்டத்தில் நாலு எழுத்து அடித்தேன்.

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், நானும் என் கணவரும் இரண்டு நாள் சண்டை போட்டு முடிவுசெய்த பெயர் அது. அதன்பிறகு வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்தப் பெயரை என் கணவர் ஒரு முறை, அந்த ஜூலை பதினேழு அன்று எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரிப் பதிவு ஜன்னலில், கொட்டை எழுத்தில், கட்டத்துக்கு வெளியே போகாமல். நான் பின்னால் சக்கர நாற்காலியில் இருந்தேன். ஜன்னலுக்குள் இருந்தவர் படிவத்தைப் படித்தார். கூடவே இருந்த டாக்டரின் சீட்டையும் படித்தார். பிறகு படிவத்தை இரண்டாக மடித்து, மெதுவாக இவர் பக்கமே தள்ளினார்.

"ஒரு தடவையாவது மூச்சு விட்டிருந்தாதான் சார் பேரைப் பதிவு பண்ண முடியும்."

மடித்த படிவத்தை இவர் எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

காரணக் கட்டம் காலியாக இருந்தது. குறைந்தது முப்பது எழுத்து எழுத வேண்டும் என்பது பூதக்கண்ணாடியின் சட்டம். நான் ஒரு சொல்தான் எழுதினேன்.

மகள்.

அனுப்பினேன். இரண்டு மேஜை தள்ளி அவர் முதுகு தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று ஐம்பத்தாறுக்கு ஒப்புதல் வந்தது. கேள்வி எதுவும் இல்லை.

பில்ட் ஓடத் தொடங்கியது. புதியது எல்லாவற்றையும் ஒரு முறை வாசித்துக் காட்டும். கருவியின் பெயர், பதிவானது. கையொப்பச் சாவியின் நீளம், பதிவானது. மீட்டர் வகை, பதிவானது. வரிகள் மளமளவென்று மேலே ஏறின. நான் நின்றுகொண்டே எண்ணினேன்.

நாற்பத்தோராவதாக அவள் பெயர் வந்தது.

பதிவானது.