உச்சி வெயிலில் வந்தவள்

"அக்கா, சின்னவளை உள்ள வெச்சிக் கதவைச் சாத்து. அவ நம்ம தெருவுக்கே வந்துட்டா!"

பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்து நின்றாள். பச்சையம்மாள் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

ஒரு வாரமாக அடி அண்ணாமலையில் இதே பேச்சுதான். நல்ல உச்சி வெயிலில், கிரிவலப் பாதையில் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு ஒருத்தி வருகிறாளாம். தரையைப் பெருக்கும் சேலை. நடந்தால் டக்... டக் என்று ஒரு சத்தம். ஊனமான பிள்ளை இருக்கும் வீடாகப் பார்த்து நின்று, "பிள்ளையை என்கூட அனுப்புங்க" என்கிறாளாம்.

பேய்க்குக் கால் கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். இவளுக்குக் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத்தான் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

"யாருன்னு தெரிஞ்சிபோச்சுக்கா." ஜோதியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மா ஊர்ல ரேணுகாம்பாள்னு ஒரு பொண்ணு. பத்து வயசுல ஜுரத்துல பூடுச்சின்னு சொன்னாங்க. தாடையில தீக்காயத் தழும்பு இருக்கும். இவளுக்கும் அதே தழும்பு, அதே எடத்துல! செத்தவதான்க்கா, சத்தியமா!"

சொன்ன கையோடு தன் வீட்டுக்கு ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள் அந்த மகராசி.

பச்சையம்மாள் சின்ன மகள் தென்றலைத் தூக்கிக்கொண்டு போய், இருட்டு அறையில் நெல் மூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப் போன பெண். அவளுக்கு அந்த இடம் புதிதல்ல. அக்கா ஆதிலட்சுமிக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து, வெளியாள் யார் வந்தாலும் அவள் அங்கேதான். "சின்னவ ஒருத்தி இருந்தா, செத்துட்டா" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாகிவிட்டது. என்ன செய்வது, ஒருத்தியாவது கரையேற வேண்டாமா?

டக்... டக்...

சத்தம் வாசலில் வந்து நின்றது.

"வீட்ல யாருங்க?"

பச்சையம்மாள் கதவிடுக்கில் பார்த்தாள். தாடையில் தழும்பு.

"உங்க சின்னப் பொண்ணைப் பார்க்கணுங்க."

"எனக்கு ஒரே பொண்ணு! இன்னொருத்தி... அவ செத்துட்டா. போயிடு!"

வெளியே ஒரு சத்தம். சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று தெரியவில்லை.

"எங்க வெச்சிருக்கீங்க? நெல்லு மூட்டைக்குப் பின்னாலயா?"

எங்கிருந்துதான் வந்ததோ ஆவேசம், பச்சையம்மாள் மூலையில் கிடந்த விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள்.

"எம்பொண்ணு மேல கை வெச்சே, நடக்கறதே வேற! அவ உயிரோடதான் இருக்கா. உயிரோடயே எங்கிட்ட இருக்கட்டும்!"

வந்தவள் அசையவில்லை. மெல்லக் குனிந்து சேலையைக் கொஞ்சம் உயர்த்தினாள். பச்சையம்மாளின் பார்வை தன்னால் கீழே போனது.

இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. தோல் வார். கனத்த பூட்ஸ். நடுவில், தென்றலுக்கு இருப்பது போலவே சூம்பிய ஒரு கால்.

"இதைப் போட்டுக்கிட்டுதாங்க நடக்கறேன். பால்வாடி டீச்சர்தான் உங்க வீட்டைக் காட்டினாங்க. ஜில்லா பிரிச்சப்புறம் நம்ம டவுன்லயே முகாம் போடறாங்க, வேலூருக்கு அலைய வேணாம். நாளைக்குக் கூட்டிட்டு வந்தா இதே மாதிரி அளவெடுத்து செஞ்சி தருவாங்க. தங்கிப் படிக்க ஸ்கூலும் இருக்குது. நான் சேர்த்து விடறேன்."

விளக்குமாறு கீழே விழுந்தது.

"அப்போ... நீ பத்து வயசுலயே செத்துட்டேன்னு..."

"எங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட எங்கம்மா அப்படித்தாங்க சொன்னாங்க. நெல்லு மூட்டைக்குப் பின்னால உக்காந்து நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."