கடிகாரம் பார்த்த மொட்டை

மொட்டைத் தலையில் சந்தனம்கூடக் காயவில்லை. அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கம்பெனி வாசலில் வந்து நின்றவர் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, உள்ளே பழம் உரித்துக்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். மறுபடியும் கடிகாரம்.

உள்ளே மேனேஜர் ராஜமுருகன் நாற்காலியில் சாய்ந்தபடி ரோகிணியை விரட்டிக்கொண்டிருந்தார்.

"பர்மிஷனும் கிடையாது, கிர்மிஷனும் கிடையாது. இந்த லோடு பூரா உரிச்சு முடியட்டும். அப்புறம் எங்க வேணாலும் போ."

"கொடைக்கானல்ல இன்டர்வியூ சார். பதினொரு மணி பஸ்ஸ விட்டா அம்புட்டுத்தான். லோடு முடிய சாயங்காலம் ஆயிருமே!"

"ஏன், பி.காம். படிச்சவ வாழப்பழம் உரிக்க மாட்டியோ?"

"பி.காம். படிச்சதாலதான் சார் ரெண்டு வருசமா உரிச்சுக்கிட்டு இருக்கேன்."

பதில் சொல்லத் தலையைத் தூக்கிய ராஜமுருகன் வாசலில் நின்ற மொட்டையைப் பார்த்தார். கையிலிருந்த செல்போன் நழுவி மடியில் விழுந்தது. முந்தின நாள் முதலாளி கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் காதுக்குள் ஓடியது.

"லாட்ஜு, மில்லு, பஸ் கம்பெனின்னு ஒண்ணு விடாம, ஆளுங்க எவ்வளவு வேல பாக்குறாங்கன்னு அளக்க ஒரு ஆபீசர் சுத்துறாராம். யாருன்னு சொல்லிக்க மாட்டாராம். நம்ம கம்பெனியில எவனாச்சும் சும்மா உக்காந்திருந்தான்னு அவர் சொன்னா, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிருவேன்."

அந்தக் கம்பெனியில் சும்மா உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு ஆள்தான். அது யார் என்பதில் ராஜமுருகனுக்கே சந்தேகம் இல்லை.

"ஆபீசரு! ஆபீசரு வந்துட்டாரு!" என்று கிசுகிசுத்தார்.

"மொட்டையா நிக்கிறாரு, சாமி கும்பிட வந்தவரா இருக்கும் சார்," என்றாள் ரோகிணிக்குப் பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த கருப்பம்மாள்.

"உனக்கென்னக்கா தெரியும்? பழனிக்கு வந்த எந்த ஆபீசர் மொட்ட போடாமத் திரும்பியிருக்காரு? சாமி கும்பிட வந்தவருன்னா மலையப் பாப்பாரு. இவரு கடிகாரத்தப் பாக்குறாரே!"

வந்தவர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "தம்பி, நான் வந்து..."

"தெரியும் சார்! சொல்லாதீங்க. நீங்க சொல்லக் கூடாதுல்ல?" ராஜமுருகன் ஓடிப்போய், தன் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். "உக்காந்து நல்லாப் பாருங்க சார்."

அவர் உட்கார்ந்தார். ரோகிணி குனிந்த தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருந்தாள். இருந்த ஒரே நாற்காலியும் போய்விட்டதால், ராஜமுருகன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பழத்தார்களுக்கு நடுவே தொப்பென்று உட்கார்ந்தார். உரித்த முதல் பழத்தைக் குப்பைக் கூடையில் போட்டார். தோலைத் தொட்டிக்குள் போட்டார்.

"சார், தோலு அங்கிட்டு, பழம் இங்கிட்டு!" கருப்பம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காத, உரி! ஏலே வேலுச்சாமி, வண்டிய அப்புறம் கழுவலாம், வாடா! கடையில பில்லு போடுறவனையும் கூப்பிடு. வாட்ச்மேன் எங்க? கேட்டு எங்கயும் ஓடிராது, வரச் சொல்லு!"

டிரைவர், பில்லுக்காரர், வாட்ச்மேன் என எல்லோரும் வட்டம் கட்டி உட்கார்ந்தார்கள். மொட்டை கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ராஜமுருகனின் கை ரெண்டு மடங்கு வேகம் எடுத்தது. பல்லாலும் உரிக்கப் பார்த்தார். பெண்கள்தான் தடுத்தார்கள்.

"இந்நேரம் ஊரே இப்படித்தான் ஓடுதோ என்னவோ," என்றாள் கருப்பம்மாள். "லாட்ஜுல ஆளு எந்திரிக்க முன்னாடியே பாய உருவுவான். பஸ்ஸுல ஏற முன்னாடியே விசிலு ஊதுவான்."

"மொட்ட போடுறவரு பாதித் தலையோட அடுத்த ஆளுக்குப் போயிருவாரு!" என்றார் வேலுச்சாமி. கூடமே குலுங்கிச் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க கைகள் பறந்தன.

"ரோகிணி, சாருக்கு ஒரு டீ போட்டுக் கொண்டா. வெரசா!"

ரோகிணி கொண்டு வந்தாள். அவர் ரசித்துக் குடித்தார்.

"சக்கர போதுமா சார்?"

"சக்கரையே இல்ல தம்பி. அருமையா இருக்கு."

ராஜமுருகன் பல்லைக் கடித்தார். "சுத்திச் சக்கர மூட்டையா அடுக்கிக் கெடக்கு. ஒரு கரண்டி போட உனக்குக் கை வரலையா?" ரோகிணி காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

பத்தரை மணிக்கெல்லாம் கடைசித் தார் காலி. ராஜமுருகனின் சட்டை, மீசை, காது எல்லாம் பழம். அவர் எழுந்து நிற்கவே ரெண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"எப்படி சார் எங்க வேல?"

"இப்படி ஒரு வேகத்த நான் பாத்ததே இல்ல தம்பி. முக்கியமா, நீங்க."

ராஜமுருகனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய பஞ்சாமிர்த டப்பா ஒன்றை அவர் கையில் திணித்தார். அதற்குள் ரோகிணி கை கழுவி, சர்டிபிகேட் பையோடு வந்து நின்றாள்.

"லோடு முடிஞ்சிருச்சு. கெளம்புறேன் சார்."

"போ, போ. பஸ் ஸ்டாண்டுக்குத்தான போற? சாரையும் பத்திரமாக் கூட்டிட்டுப் போ. பெரிய மனுசங்ககிட்ட மரியாதையாப் பேசிப் பழகு."

"சரிங்க சார்."

வாசலைத் தாண்டும்வரை ரோகிணி பின்னாலேயே அடக்கமாக நடந்தாள். தாண்டியதும் அவர் கையிலிருந்த டப்பாவை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இத நீ தொடக் கூடாது. வெரசா வா அப்பா, பஸ்ஸு போயிரும்!"