ஒன்பதாவது அம்பு

கரும்பலகையில் எட்டு அம்புகள் பாய்ந்துவிட்டன. எட்டும் நர்ஸம்மாவின் மேல்தான்.

எங்கள் மூத்தோர் மாலை வகுப்பின் கணக்கு டீச்சர் வயதில் எங்களுக்குப் பேத்தி, அதட்டலில் கொள்ளுப்பாட்டி. பலகையின் இடப்பக்கம் எங்கள் ஒன்பது பேரையும் தொழில் பெயரால் எழுதி, ‘மதிப்பகம்’ என்றார். வலப்பக்கம் மறுபடி அதே ஒன்பது பேர்.

பரீட்சையில் யார் பக்கத்தில் உட்கார ஆசையோ, அவரைப் பார்த்து ஓர் அம்பு போட வேண்டும். ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் கட்டாயம்; அப்போதுதான் கணக்கில் அதன் பெயர் ‘சார்பு’. அம்பு வாங்கியவர்கள் மட்டும் ‘வீச்சகம்’.

போன பரீட்சையில் நர்ஸம்மா தொண்ணூற்றிரண்டு. மற்ற எட்டுப் பேரின் மதிப்பெண்ணையும் கூட்டினால்கூட அவ்வளவு தேறாது. பிறகு அம்பு வேறெங்கே போகும்?

என் அம்பும் அங்கேதான் போனது. நான் அழுத்திய அழுத்தில் சாக்பீஸ் பொடியாகி முன்வரிசையே தும்மியது.

வலப்பக்கம் ‘லிஃப்ட் மெக்கானிக்’ என்ற என் பெயர் மட்டும் ஈ காக்கை அண்டாமல் கிடந்தது. சரி, இன்னும் ஏழு பெயர்களும் அப்படித்தான் கிடந்தன. அவர்களைப் பற்றி எனக்கென்ன?

நர்ஸம்மா என்னோடு பேசி மூன்று நாளாகிறது. அந்த ஒன்பதாவது அம்பு எனக்கு வராவிட்டால் நான்காவது நாளும் ஊமைப் படம்தான்.

“எனக்கு யார் பக்கத்துலயும் உட்கார வேணாம்,” என்றார் நர்ஸம்மா.

“அப்ப இது சார்பே இல்ல மேடம். வலப்பக்கம் அம்பு வாங்காம யார் வேணா இருக்கலாம். இடப்பக்கம் போடாம ஒருத்தரும் இருக்க முடியாது,” என்றார் டீச்சர்.

அந்த டீச்சருக்கு எங்கள் தெருமுனையில் ஒரு சிலை வைக்கலாம்.

நர்ஸம்மா எழுந்தார். ஊசி போட வருகிற நடை. ஒரு லட்சம் லிஃப்டை நடுவழியில் மீட்ட எனக்கே மூச்சு மூன்றாவது மாடியில் சிக்கிக்கொண்டது.

அம்பு பலகையைக் கடந்து, சாய்ந்து, இறங்கி, என் பெயரில் வந்து குத்தியது.

லாரி டிரைவருக்குப் பொறுக்கவில்லை. “இவரு பேப்பர்ல காப்பியடிக்க என்னம்மா இருக்கு?”

“காப்பியடிக்க இல்லண்ணே. இந்த மனுஷன் அடிக்காம பாத்துக்க.”

வகுப்பு சிரித்த சிரிப்பில் கூரை ஓர் அடி எழும்பி உட்கார்ந்தது.

டீச்சர் வீச்சகத்தை எழுதினார். நெளிந்த அடைப்புக்குறிக்குள் இரண்டே பேர், நர்ஸம்மாவும் நானும். பார்க்கக் கல்யாணப் பத்திரிகை போலவே இருந்தது.

வகுப்பு முடிந்ததும் முப்பத்தெட்டு வருடமாக உட்காருகிற அதே இடத்தில், என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் திருப்பத்தில் என் முதுகில் ஒரு குத்து.

“தொண்ணூத்திரெண்டை இன்னொரு தடவை குருட்டு அதிர்ஷ்டம்னு சொல்லிப் பாருங்க. அம்பை அழிச்சிடுவேன்.”