சொல்லாமல் கொடுத்தது

நான்காவது பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த சாந்தாமணி தலை நிமிர்ந்தாள்.

குழந்தை எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தது.

மதியம் இரண்டரை மணி. அவள் பார்த்துக்கொள்கிற மற்ற மூன்று பிள்ளைகளும் பாயில் நல்ல தூக்கம். தெருவில் எவனோ பொறுமை கெட்டவன், தீபாவளிக்கு முந்தின நாளே ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டான். அதற்கும் யாரும் அசையவில்லை. நறுமுகை மட்டும் நாற்காலியை விட்டுவிட்டு நடு வீட்டில் நின்றாள். இன்னும் பதினைந்து நாளில் ஒரு வயது.

"வா சாமி, வா."

சாந்தாமணி ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தைதான். தூங்குகிறவர்களுக்காக மெதுவாகச் சொன்னாள்.

ஓர் அடி. இன்னோர் அடி. அப்புறம் ஒரு தள்ளாட்டம்.

குழந்தை அவள் மடியில் வந்து விழுந்தது.

யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது? மகனுக்கு இது தலை தீபாவளி. பெண்டாட்டியோடு ஈரோட்டில் மாமனார் வீட்டில் இருக்கிறான். அங்கே விருந்து அமளியில், யார் வீட்டுப் பிள்ளையோ நடந்ததை யார் காது கொடுத்துக் கேட்கப் போகிறார்கள்?

குழந்தையின் அம்மா யாமினியைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதல் அடியை இங்கே எடுத்து வைத்தாலும் பெற்றவளிடம் வாயைத் திறக்கக் கூடாது. அவள் தன் வீட்டில் பார்க்கட்டும். அவள் பார்ப்பதுதான் முதல்.

சாந்தாமணிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் மகன் நடந்த அன்று அவள் மில்லில் இருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே மறித்துச் சொல்லிவிட்டாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அதன் பிறகு மகன் எத்தனையோ முறை நடந்து காட்டினான்.

எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தாள். பழைய காலண்டர் தாளுக்குள் சோப்பு முட்டை ஊதுகிற குப்பி ஒன்று, இரண்டு மெழுகுக் கலர். கையைக் கடிக்காமல் இவ்வளவுதான் முடிந்தது.

யாமினி கடைசியாக வந்தாள். ஆபீஸ் அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. ஒரு சேலையும் ஸ்வீட் பாக்ஸும் கொண்டுவந்து நீட்டினாள். நல்ல சேலை. கரை அகலமாக இருந்தது.

பதிலுக்குச் சோப்புக் குப்பியை நீட்டக் கை கூசியது. நீட்டினாள்.

"பாப்பா இன்னைக்கு என்ன பண்ணுனாங்க்கா?"

தினமும் கேட்கிற கேள்விதான்.

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இவள் கத்துவாள். உட்காருவாள். எப்படி நடந்தாள், எத்தனை அடி, விழுந்தாளா என்று கேட்பாள். ஒரு வாய் காபி குடிப்பாள். பத்து நிமிடமாவது வீட்டில் பேச்சுச் சத்தம் இருக்கும்.

"ஒண்ணும் பண்ணல கண்ணு. நல்லாத் தூங்குனா."

யாமினியின் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். ஸ்கூட்டர் திருப்பத்தில் மறைந்தது.

சாந்தாமணி பாய்களைச் சுருட்டி வைத்தாள். நான்கு நாளைக்கு யாரும் வரப் போவதில்லை.

விடிந்ததும் தன் தலையில் தானே எண்ணெய் வைத்துக்கொண்டாள். வைத்துவிட ஆள் இல்லாத தீபாவளி இதுதான் முதல். தண்ணீர் ஊற்றும்போது கொஞ்சம் அழுதாள். ஸ்வீட் பாக்ஸைத் திறந்து, ஒன்றை எடுத்துப் பாதி கடித்து வைத்தாள்.

எட்டு மணிக்குப் போன் அடித்தது. வீடியோ கால்.

"அக்கா, பாப்பா தானா நிக்கிறா பாருங்க! நடந்துருவா போலிருக்கு!"

யாமினி போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு ஓடிப் போய் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். நடுவில் நறுமுகை. பட்டுப் பாவாடை தரையில் புரண்டது.

சாந்தாமணிக்குத் தலைகால் புரியவில்லை. பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"வா சாமி, வா."

குழந்தை திரும்பியது.

போனைப் பார்த்துச் சிரித்தது. அம்மாவுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு காலைத் தூக்கியது.

யாமினியின் கைகள் நீட்டியது நீட்டியபடி இருந்தன.

சாந்தாமணி போனைத் தரையில் கவிழ்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். மூச்சுச் சத்தம்கூட அந்தப் பக்கம் போய்விடக் கூடாது.

அங்கிருந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஒரு சிணுங்கல். தேடுகிற சிணுங்கல். அவளுக்குத் தெரியும்.

"பாப்பா, இங்க பாரு. அம்மாகிட்ட வா."

மறுபடி ஒன்றும் இல்லை. சாந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். போய்விடு சாமி. அவளிடம் போய்விடு.

கொலுசுச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"வந்துட்டா! எங்கிட்ட வந்துட்டாக்கா!" யாமினி அழுதுகொண்டே சிரித்தாள். "பாத்தீங்களாக்கா?"

சாந்தாமணி போனை எடுக்கவில்லை. எடுத்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

"பாத்தேன் கண்ணு," என்றாள், தரையில் கவிழ்ந்து கிடந்த போனிடம்.